எழுத்தர் வைத்த பெயர்

இந்தக் கட்டுரை ஒரு குடும்பப்பெயரைப் பற்றியது. ஆனால் அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. இத்தாலியில் ரோஸ்ஸி என்றோ ருஸ்ஸோ என்றோ எழுதினால் அது யாரைக் குறிக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. செம்பட்டைத் தலைமுடிகொண்ட ஏதோ ஒரு மூதாதையைத் தவிர அந்தப் பெயர்கள் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. நான் சொல்லவரும் பெயரைத் தாங்கியவர்களோ ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். அச்சில் வந்தால் மறுநாளே அவர்கள் வீட்டு வாசல் தெரிந்துவிடும்.

படிப்புக்காக ஃபிளாரன்ஸில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தேன். அவரை நான் சிஞோரா என்றே அழைத்தேன். கணவர் இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தாலும் வாசல் மணியில் அவருடைய பெயர் இல்லை, சிஞோராவின் பிறந்தவீட்டுப் பெயர்தான் இருந்தது. முதலில் அது எனக்கு வியப்பாக இருந்தது. இத்தாலியில் 1975ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மணமான பெண் தன் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கணவரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பெரும்பாலான பெண்கள் அடையாள அட்டையிலும் வேலையிடத்திலும் பிறந்த பெயரோடுதான் இருக்கிறார்கள். நல்லது என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெயர் அவர்களோடு முடிந்துவிடும். பிள்ளைக்குப் போகாது. பெயரை நீ வைத்துக்கொள், யாருக்கும் கொடுக்காதே என்பதுதான் ஏற்பாடு.

சிஞோராவின் கூடத்தில் சட்டம் போட்ட ஒரு குலச்சின்னம் தொங்கியது. கேடயம், அதில் ஒரு பறவை, கீழே பழைய எழுத்தில் குடும்பப்பெயர். எந்தப் பெயரைச் சொன்னாலும் அதற்கொரு கேடயம் வரைந்து தரும் கடைகள் உண்டு. அப்படியொரு கடையில் அவருடைய அப்பா வாங்கியது. "எங்கள் பெயர் மிக அபூர்வமானது. ஜெனோவாப் பக்கத்துப் பிரபு குடும்பம் என்று அப்பா சொல்வார்" என்றார் சிஞோரா. அபூர்வம் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் நகைப்பெட்டியைத் திறந்து காட்டும் பெருமை இருந்தது.

எனக்கோ குடும்பப்பெயரே கிடையாது. நம்மூரில் பலருக்கும் இல்லை. முன்னால் ஒரு தலைப்பெழுத்து, அவ்வளவுதான். இத்தாலியப் படிவங்கள் அதை ஏற்காது. 'கொஞோமே' என்ற கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் அந்த இடத்தில் இருந்தது. ஆக, அங்கே இருந்த இரண்டு ஆண்டுகளும் மருத்துவரின் காத்திருப்பு அறையில் என் அப்பாவைக் கூப்பிட்டார்கள், நான் எழுந்து போனேன். அம்மாவின் பெயரை எந்த இடத்திலும் எவரும் கேட்கவில்லை.

ஒரு பெயர் ஏன் அபூர்வமாகிறது? இதற்கு இத்தாலிக்கே உரிய விடைகள் சில உண்டு. பல அரசுகளாகவும் பல வட்டார மொழிகளாகவும் பிரிந்து கிடந்த நிலம் அது. கொல்லனுக்கு ஓர் ஊரில் ஃபெர்ராரி, இன்னோர் ஊரில் ஃபாப்ரி. ஊர்ப்பெயர், தொழிற்பெயர், பட்டப்பெயர், அப்பன்பெயர் எல்லாம் அங்கங்கே உறைந்து குடும்பப்பெயராயின. 1563இல் முடிந்த திரெந்து திருச்சபைச் சங்கம் பங்குகளில் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியதும், அவிழ்ந்து கிடந்த பெயர்கள் முடிச்சுப் போடப்பட்டன. அதனால்தான் அந்த நாட்டில் குடும்பப்பெயர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன.

ஆனால் எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு விடையும் உண்டு. அதை 1870களில் கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர், பெரிய குடும்பங்களின் பெயர்கள் ஏன் அழிந்துபோகின்றன என்று கவலைப்பட்டு 1873இல் ஒரு கேள்வி கேட்டார். வாட்சன் என்ற பாதிரியார் விடை தேடினார். இருவரும் சேர்ந்து 1874இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணிதம் தெரியாதவருக்கும் அடிப்படை புரியும். ஒருவருக்கு மகன் இல்லாமல் மகள்களே பிறந்தால் பெயர் அங்கே நின்றுவிடும். இன்னொருவருக்கு நான்கு மகன்கள் பிறந்தால் பெயர் பெருகும். தலைமுறை தலைமுறையாக இது நடக்கும்போது பெரும்பாலான பெயர்கள் செத்து, சில பெயர்கள் மட்டும் பெருத்து நிற்கும். இன்றைக்கும் நிகழ்தகவுப் பாடத்தில் கால்ட்டன்–வாட்சன் முறை என்று இதைப் படிக்கிறார்கள். கேள்வி கேட்ட விதத்திலேயே மகள்கள் கணக்கில் இல்லை என்பதைப் பாருங்கள். நான்கு மகள்களைப் பெற்றவர் அந்தக் கணக்கில் வாரிசு இல்லாதவர். வீடு நிறையப் பேரப்பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும், தாளில் மட்டும் குடும்பம் அழிந்திருக்கும். பெயர்கள் அபூர்வமாவது இயற்கை என்று யாராவது சொன்னால் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சிஞோராவின் மகள் இந்த அபூர்வத்தை நம்பவில்லை. நகரத்தின் மறுகோடியில் இருந்தாள், முப்பத்தைந்து வயது, ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். பெயரின் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்று என்னிடம் சொன்னாள். அது ஊரின் பெயரும் இல்லை, தொழிலும் இல்லை, எவருடைய அப்பன் பெயரும் இல்லை. வீட்டில் புழங்கும் சாதாரணப் பொருள் ஒன்றின் பெயர். "இப்படிப் பெயர் வைப்பவர் யார் தெரியுமா? மேசைமுன் உட்கார்ந்து, கண்ணில் பட்டதைப் பெயராக எழுதிய ஒரு எழுத்தர்" என்றாள்.

இத்தாலியில் கைவிடப்பட்ட குழந்தைகளின் பெயர்களுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. நேப்பிள்ஸில் மிகப் பரவலான பெயர் எஸ்பொசிதோ. லத்தீனில் அதற்கு வெளியே வைக்கப்பட்டது என்று பொருள். அந்த நகரத்தின் அனுன்சியாத்தா மருத்துவமனைச் சுவரில் சுழலும் மர உருளை ஒன்று உண்டு. தெருப்பக்கம் குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே போய்விடும், வைத்த கை யாருடையது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ரோமைச் சுற்றி புரொயெத்தி, அதாவது எறியப்பட்டவர்கள். சிசிலியில் திரொவாத்தோ, கண்டெடுக்கப்பட்டவன். தஸ்கனியில் இன்னொசெந்தி, நொசெந்தினி. மிலனில் கொலம்போ, புறா. அங்கே குழந்தைகளை ஏற்ற மருத்துவமனையின் சின்னம் புறா. சொல் அழகாக இருந்தாலும் சங்கதி ஒன்றுதான். பெயரைச் சொன்னதும் இவன் யாருமில்லாதவன், இவள் யாருமில்லாதவள் என்று பள்ளியிலும் தேவாலயத்திலும் சம்பந்தம் பேசும் இடத்திலும் தெரிந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது கொடுமை என்று ஆட்சியாளர்களுக்கும் உறைத்தது. நேப்பிள்ஸை முரா ஆண்ட காலத்தில் எஸ்பொசிதோ என்று புதிதாகப் பெயரிடுவது தடைசெய்யப்பட்டது. மிலனில் 1825க்குப் பிறகு எல்லோருக்கும் கொலம்போ என்ற வழக்கம் நின்றது. இனி ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக ஒரு பெயர். ஆனால் தினமும் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தால் எத்தனை பெயரைத்தான் கண்டுபிடிப்பது? பூ, பழம், வானிலை, வீட்டுச் சாமான் என்று அகப்பட்டதை எல்லாம் எழுதினார்கள். ஒரே ஒரு குழந்தைக்காக ஒரே ஒரு முறை உருவான பெயர்கள் அப்படி வந்தன. அந்தக் குழந்தை பிழைத்து, ஆணாக இருந்து, அவனுக்கு மகன்கள் பிறந்தால் அது அபூர்வமான குடும்பப்பெயர். பெண்ணாக இருந்தால் அவளோடு முடிந்த ஒரு சொல். கேடயத்தில் பறவையோடு தொங்குகிற பல பெயர்களுக்குப் பின்னால் இருப்பது பிரபு அல்லர், மையும் சலிப்புமாக உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தா.

ஃபிளாரன்ஸில் இருந்துகொண்டு இன்னொசெந்தி இல்லத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. புருனெல்லெஸ்கி கட்டிய முன்வாசல், தூண்களுக்கு மேலே அந்திரேயா தெல்லா ரொப்பியாவின் துணிசுற்றிய மண்குழந்தைகள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1445 பிப்ரவரி 5ஆம் நாள் அங்கே ஏற்கப்பட்ட முதல் குழந்தை ஒரு பெண். அன்று புனித ஆகத்தாவின் திருநாள், அதனால் ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகும் அந்த நூற்றாண்டின் பதிவேடுகளில் பெண்குழந்தைகளே அதிகம். வரதட்சணை கொடுக்கவேண்டிய சமூகத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பிற்காலத்தில் குழந்தையை உள்ளே விடுவதற்கென்று இருந்த கம்பிச் சன்னலை 1875இல் நிரந்தரமாக மூடினார்கள்.

அந்தச் சன்னல் முன் நின்றபோது எனக்கு சேலம் நினைவுக்கு வந்தது. 1992இல் அங்கே தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பற்றி என் தலைமுறைப் பெண்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஐந்நூற்றுச் சொச்சம் ஆண்டு இடைவெளியில் அதே தொட்டில், அதே பெண்குழந்தை.

உள்ளே அருங்காட்சியகத்தில் சிறுசிறு இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையோடு வந்த அடையாளப் பொருள். பாதியாக உடைத்த பதக்கம், பாதி நாணயம், ஒரு மணி, துணித்துண்டு. மறுபாதியை அம்மா வைத்திருப்பாள், என்றாவது வந்து பொருத்திக் காட்டிப் பிள்ளையைக் கேட்பாள் என்று நம்பிக்கை. இழுப்பறையில் பாதிகள் மட்டுமே இருக்கின்றன. அங்கே நான் வெகுநேரம் நின்றேன். எழுதப்படிக்கத் தெரியாத பெண்கள் தங்கள் பெயரை எழுதிவைத்த விதம் அது என்று தோன்றியது.

வெனிஸின் பியெத்தா இல்லத்துப் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விவால்தி இசை கற்பித்த இடம் என்பதால் அது உலகப் புகழ் பெற்றது. அங்கே வளர்ந்த பெண்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை. ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்ட வயலின் கலைஞர் ஒருவரின் பெயர் வெறும் ஆன்னா மரியா தால் வியொலின், வயலினின் ஆன்னா மரியா. அப்பன் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் அவர் கைவேலை நிற்கிறது. எனக்கு இது சோகமாகவே படவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

2022 ஏப்ரல் 27 இரவு செய்தியில் அரசியல் சாசன நீதிமன்றத்தின் முடிவைச் சொன்னார்கள். குழந்தைக்குத் தானாகவே அப்பாவின் பெயர் என்ற விதி சாசனத்துக்கு முரணானது. இனி இரண்டு பேரின் பெயரும் வரும், எது முன்னால் என்பதைப் பெற்றோர் பேசி முடிவுசெய்யலாம், இருவரும் ஒப்புக்கொண்டால் ஒருவர் பெயர் மட்டும் போதும். இது வானத்திலிருந்து விழுந்த தீர்ப்பு இல்லை. அந்த விதி ஆணாதிக்கக் குடும்பத்தின் மிச்சம் என்று அதே நீதிமன்றம் 2006லேயே சொல்லிவிட்டு, மாற்றவேண்டியது நாடாளுமன்றம் என்று ஒதுங்கிக்கொண்டது. நாடாளுமன்றம் அசையவில்லை. மகளுக்கு அம்மாவின் பெயரை வைக்க விரும்பிய மிலன் தம்பதி கூசானும் ஃபாத்சோவும் ஸ்த்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம்வரை போய் 2014 ஜனவரியில் வென்றார்கள். 1999இல் பிறந்த அந்த மகளுக்கு அப்போது பதினைந்து நெருங்கியிருந்தது. 2016இல் அம்மாவின் பெயரை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றானது. 2022இல்தான் விதியே விழுந்தது. தீர்ப்பை எழுதியவர் எமானுவேலா நவாரெத்தா, ஒரு பெண் நீதிபதி.

சிஞோராவின் மகள் அப்போது இரண்டு மாதக் கர்ப்பிணி.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேசையிலேயே பேச்சு வந்தது. குழந்தைக்குத் தன் பெயர் மட்டும்தான் என்றாள் மகள். தான் ஒரே பிள்ளை, தன்னோடு பெயர் அழிகிறது, இப்போது சட்டமும் வழிவிட்டிருக்கிறது என்றாள். மருமகன் வாயைத் திறக்கவில்லை, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மறுத்தவர் சிஞோரா. "பிள்ளைக்கு அப்பா இல்லை என்று ஊரார் நினைப்பார்கள்" என்றார். எங்கள் காலத்தில் அப்பா பெயர் இல்லாத பிள்ளையின் தாளில் என்.என். என்று போடுவார்கள், உனக்குத் தெரியாது என்றார். அவர் சொன்னது உண்மை. பெயர் தெரியாது என்பதன் லத்தீன் சுருக்கம் அது. ஆவணங்களில் பெற்றோர் பெயரைக் காட்டவேண்டாம் என்று 1955இல் சட்டம் வரும்வரை, பள்ளியில் சேரும்போதும் வேலைக்குப் போகும்போதும் அந்த இரண்டு எழுத்துகளைப் பிள்ளைகள் சுமந்தார்கள். சிஞோராவின் வகுப்பிலேயே அப்படி ஒரு பெண் இருந்தாளாம். பெண்கள் பழைமையைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நாம் சட்டென்று எரிச்சல்படும்போது, அவர்கள் எந்த அவமானத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் என்பதை விட்டுவிடுகிறோம்.

மகள் வாதத்தோடு நிற்கவில்லை. தாத்தாவின் அப்பா வளர்ந்த மாகாணத்துக்குப் போய், அங்கிருந்த அனாதை இல்லத்தின் பழைய பதிவேடுகளைத் தேடினாள். மூன்று முறை போய் வந்தாள், மூன்றாம் முறை கிடைத்தது. 1860களில் ஒரு குளிர்கால இரவு, பிறந்து ஓரிரு நாளான ஆண்குழந்தை. சுற்றியிருந்த துணியின் விவரம். அடையாளப் பொருள் எதுவும் இல்லை. வரிசை எண். அதன்கீழ் அந்த அபூர்வமான பெயர், எழுத்தரின் சாய்ந்த கையெழுத்தில். அதற்கு முந்தைய வரியிலும் பிந்தைய வரியிலும் வேறு இரண்டு வீட்டுச் சாமான்கள்.

அந்தப் பக்கத்தின் படத்தை அவள் எனக்குக் காட்டினாள். பெற்றவள் பெயர் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. மலைக்கிராமத்துத் தாதி ஒருத்தி, பாலூட்டி வளர்க்கக் குழந்தையைக் கொண்டுபோனவள். பெயருக்குப் பக்கத்திலேயே இன்னாரின் மனைவி என்று கணவன் பெயரும். மாதாமாதம் கொடுத்த கூலிக் கணக்கும். ஃபிளாரன்ஸின் பழைய குடும்பக் குறிப்பேடுகளை ஆராய்ந்த கிறிஸ்தியான் கிளாபிஷ்-ஸூபெர், பதினான்கு பதினைந்தாம் நூற்றாண்டுகளில் பாலுக்கு விலை பேசியதே தாதியின் கணவன்தான் என்று காட்டியிருக்கிறார். அவனுக்கென்று பாலியோ என்று ஒரு சொல்லே இருந்தது. கணவனை இழந்த பெண் மறுமணம் செய்தால், வரதட்சணையை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கணவன் குடும்பத்திடம் விட்டுப் போகவேண்டியிருந்தது என்பதும் அவர் ஆய்வில்தான் படித்தேன். போனால் கொடிய தாய் என்று பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். பிள்ளை பெயருக்குச் சொந்தம், பெயர் ஆணுக்குச் சொந்தம்.

நம் கதையின் தாதி கூலி நின்ற பிறகும் பையனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அவன் இன்னும் அதே வீட்டில் இருந்தான் என்று கடைசிக் குறிப்பு சொல்கிறது.

சிஞோரா அந்தப் படத்தை மூக்குக்கண்ணாடி போட்டு நெடுநேரம் பார்த்தார். பிரபு இல்லை என்பதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கலாம், காட்டவில்லை. பிறகு மகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "இந்தப் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்கிறாயே, இது யாருடைய பெயர்? என்னுடையதா? என் அப்பாவுடையது. அவருடையதா? ஒரு எழுத்தருடையது. இதில் அம்மா எங்கே இருக்கிறாள்?"

அவரை விடவும் நல்ல பெண்ணியவாதியை நான் அந்த நகரத்தில் சந்திக்கவில்லை, அந்தச் சொல் அவருக்குப் பிடிக்காது என்றாலும். அம்மாவின் பெயர் என்று நாம் கேட்டு வாங்குவது பெரும்பாலும் தாத்தாவின் பெயர்தான். இத்தாலியிலேயே பெண்ணின் பெயரில் தொடங்கிய குடும்பப்பெயர்கள் கொஞ்சம் உண்டு. தி ரோசா, தி காதெரினா போல. ரோசாவின் பிள்ளை, காதெரினாவின் பிள்ளை. கணவன் இறந்த பெண்ணோ, சொத்துள்ள பெண்ணோ, ஊரறிந்த பெண்ணோ தொடக்கத்தில் இருந்திருப்பாள். ஆனால் அந்தப் பெயரும் மறு தலைமுறையிலிருந்து மகன் வழியாகத்தான் இறங்கிவந்தது.

மகள் சளைக்கவில்லை. "எழுத்தர் வைத்ததுதான். நீ அதோடு எழுபது வருஷம் வாழ்ந்தாய். வாசல் மணியில் எழுதினாய். இப்போது அது உன்னுடையது" என்றாள். இருவரில் யார் சொன்னது சரி என்று நான் இன்னும் யோசிக்கிறேன். மகள் பக்கம்தான் சாய்கிறேன். யாரோ வைத்த பெயராக இருந்தாலும் ஒரு பெண் அதில் வாழ்ந்தால் அவளுக்கு அதில் பாத்தியதை உண்டு. அந்தப் பாத்தியதைக்கு வாரிசுரிமை இல்லை என்று சொன்னதுதான் அநியாயம்.

பெற்றவளைத் தேட வேண்டுமா என்றும் ஒருநாள் பேசினோம். இத்தாலியச் சட்டம் இன்றும் ஒரு பெண் தன் பெயரைப் பதியாமல் மருத்துவமனையில் பிள்ளை பெற அனுமதிக்கிறது. பிறப்புப் பதிவில், பெயரிடப்பட விரும்பாத பெண் என்று எழுதுவார்கள். த்ரியெஸ்தேயில் 1943இல் அப்படிப் பிறந்த ஒருவர், தன் பூர்வத்தை அறிய வழியே இல்லாத சட்டத்தை எதிர்த்து 2012இல் ஸ்த்ராஸ்பூர்க்கில் வென்றார். பிள்ளையின் ஏக்கம் நியாயமானது. ஆனால் மறைந்துபோக உரிமை கிடைத்ததால் உயிர்பிழைத்த பெண்களையும் நினைக்கிறேன். 1860களின் அந்தக் குளிர்கால இரவில் போனவள் தன் பெயரை விட்டுப்போகவில்லை. "விட்டுப்போகாதது அவள் முடிவாகவே இருக்கட்டும்" என்றார் சிஞோரா. தேடுவதற்கு எதுவும் இருக்கவுமில்லை.

நவம்பரில் பெண்குழந்தை பிறந்தது. இரண்டு குடும்பப்பெயரும் வைப்பது, அம்மாவுடையது முதலில் என்று முடிவாகியிருந்தது. மருமகன் சம்மதித்துவிட்டார். அவருடைய தாயார்தான் ஒரு மாதம் தொலைபேசியை எடுக்கவில்லை. குழந்தையின் சொந்தப் பெயரைச் சொன்னவர் சிஞோரா. பதிவேட்டில் இருந்த தாதியின் பெயர். இரட்டைப் பெயரோடு வளர்கிறவள் நாளைக்குத் தன் பிள்ளைக்கு அவற்றில் ஒன்றைத் தேர்ந்து கொடுப்பதே பொருத்தம், அதற்கு நாடாளுமன்றம் வழிசெய்யவேண்டும் என்றும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, இல்லாவிட்டால் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை இரட்டித்துக்கொண்டே போகும். எதை வைத்து எதை விடுவாள் என்று கேட்டேன். அது அவள் தலைவலி என்றாள் மகள்.

பதிவு அலுவலகத்துக்கு நானும் போயிருந்தேன். சன்னலுக்குப் பின்னால் ஓர் இளம்பெண், கணினி. அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை, இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். இத்தாலியர்கள் எழுத்துக்கூட்டும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஊர்ப்பெயர் சொல்வார்கள். ஆன்கோனாவின் ஆ, போலோஞாவின் போ என்கிற மாதிரி. மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லி முடித்தாள். கணவரின் பெயருக்கு வந்தபோது அந்தப் பெண் கையை அசைத்தாள், அது வேண்டாம், தெரியும் என்று.